பெரிய காலிபர் ரைஃபிள்: எத்தனை கிலோ என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை

பெரிய காலிபர் ரைஃபிள் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், .375ஆ .416ஆ .458ஆ என்று ஆளாளுக்கு ஒரு பட்டிமன்றமே நடத்திவிடுவார்கள். (காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்.) எத்தனை கிலோவில் வாங்கப் போகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். என்னிடமும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி இல்லாமல் போனதால் இரண்டு துப்பாக்கி வாங்கி விற்று, புருவத்தில் தையல் போட்டு, கடைசியில் வடக்கே போய் எருமைக்கு முன்னால் கை நடுங்க நின்றதுதான் இந்தக் கதை. இதே வழியில் கிளம்பியிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முழுக்க ஆஸ்திரேலியா சம்பந்தப்பட்டது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நான் இருப்பது மெல்போர்னில். விக்டோரியா மாநிலத்து மலைகளில் சாம்பார் மான் உண்டு, நம் ஊர் மிளாவேதான். 1860களில் இலங்கை, இந்தியப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டவை பெருகிக் காடு முழுக்கப் பரவிவிட்டன. அதை வேட்டையாட உரிமம் கொடுக்கிறார்கள், குறைந்தது .270 காலிபர் வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அந்த மலைகள் செங்குத்து. ஒரு பள்ளத்தில் இறங்கி எதிர்ச்சரிவில் ஏறுவதற்குள் துப்பாக்கியின் ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். ஆகவே சாம்பார் வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் லேசான ரைஃபிள் மேல் ஒரு மோகம் உண்டு, எனக்கும்தான். என்னிடம் இருந்த .30-06 ரைஃபிள், ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியோடு சேர்த்தே நாலு கிலோவுக்குள் அடங்கும்.

அப்புறம்தான் எருமை ஆசை வந்தது. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் 1820களிலும் அதற்குப் பிறகும் பிரிட்டிஷ்காரர்கள் குடியேற்றம் அமைத்துப் பார்த்தபோது இறைச்சிக்காகவும் வேலைக்காகவும் தீமோர் பக்கத்திலிருந்து எருமைகளை இறக்கினார்கள். குடியேற்றம் தோற்றுப்போனது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், எருமைகள் தங்கிவிட்டன. இன்று ஆர்னம் லேண்ட் சதுப்புகளில் இருப்பது அவற்றின் வாரிசுகள். குளத்தில் கிடக்கும் எருமையைக் குச்சியால் தட்டி ஓட்டிப் பழகிய ஊர்க்காரனுக்கு, அதைச் சுட எதற்குப் பீரங்கி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மனிதர் கைபடாமல் வளர்ந்த கடா வேறு பிறவி. எழுநூறு கிலோவுக்கு மேல் இருக்கும், தடித்த தோல், அகன்ற எலும்பு, அடிபட்டால் ஓடவும் செய்யும், திரும்பி வரவும் செய்யும். அதனால்தான் அங்கே வழிகாட்டிகள் .375க்குக் கீழே எதையும் பெரும்பாலும் விரும்புவதில்லை.

துப்பாக்கிக் கடையில் என் சாம்பார் வேட்டைக் கதையைக் கேட்டவர், "நீங்கள் நடக்கிற ஆள், உங்களுக்கு லேசானதுதான் சரி" என்று ஒரு .416 ரிக்பியைக் காட்டினார். தோளில் பதியும் கட்டை செயற்கை இழை, மெலிந்த குழல், வெறும் துப்பாக்கி மூன்றரைக் கிலோ. தோளில் வைத்துப் பார்த்தால் இறகு போல இருந்தது. மூவாயிரத்து இருநூறு டாலர். வாங்குவதற்கான அனுமதிப் படிவம் வந்து கைக்குக் கிடைத்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், பெஞ்சில் உட்கார்ந்து முதல் தோட்டாவைச் சுட்டதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. தோளில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. நாலைந்து தோட்டாவுக்குப் பிறகு தலையைச் சற்று முன்னே நீட்டிவிட்டேன் போலிருக்கிறது, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிட்டது. ரத்தம் கண்ணுக்குள் வழிய மருத்துவமனைக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டேன். வீட்டில் என்ன பதில் சொல்வது என்பதுதான் வலியைவிடப் பெரிய கவலையாக இருந்தது.

இங்கே நிறுத்திக் கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், பள்ளிக்கூட இயற்பியல்தான். தோட்டா முன்னே போகிற உந்தம் எவ்வளவோ அவ்வளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வரும். .416 ரிக்பியில் குண்டு 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம். விநாடிக்கு 730 மீட்டர் வேகத்தில் போகிறது. அதோடு வெடிமருந்து ஆறேழு கிராம் வாயுவாகி இன்னும் வேகமாக வெளியேறுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஸ்கோப், தோட்டா எல்லாம் சேர்த்து 4.2 கிலோ இருக்கும் துப்பாக்கி ஏறக்குறைய 85 ஜூல் ஆற்றலோடு தோளுக்கு வரும். என் பழைய .30-06 கொடுத்தது 24 ஜூல்தான். மூன்றரை மடங்கு உதைப்பை ஏறக்குறைய அதே எடையுள்ள துப்பாக்கியில் வாங்கிக்கொள்ளச் சொன்னால் உடம்பு என்ன செய்யும்?

உடம்பு செய்வதை ரேஞ்சில் எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இந்த நாட்டில் எனக்கு வேட்டை பழக்கியவரும் அவரே. புருவம் ஆறிய பிறகு நான் மறுபடி சுட்டபோது குறி அரை அடி, ஒரு அடி என்று கீழே போய்க்கொண்டிருந்தது. ஸ்கோப் கெட்டுவிட்டது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை வாங்கி, எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை இடையில் போட்டுத் திருப்பித் தந்தார். விசையை இழுத்தேன், 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. ஆனால் குழல் முனை தானாகவே கீழே குத்தியது, என் கண் இறுக மூடியிருந்தது. "தம்பி, ஸ்கோப் நல்லாத்தான் இருக்கு. நீர்தான் வெடிக்க முன்னமே கண்ணை மூடுறீர்" என்றார்.

இந்தச் சோதனையைப் பெரிய காலிபர் வாங்கிய எல்லோரும் செய்து பார்க்கவேண்டும், நண்பர் ஒருவர் கூட இருந்தால் போதும். போலித் தோட்டாவில் குழல் அசைந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு லேசு, அல்லது அந்தக் காலிபர் உங்களுக்குப் பெரிசு. வீரம் பேசிப் பயனில்லை. இந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஒட்டிக்கொண்டால் சின்னத் துப்பாக்கியிலும் தொடரும். என்னுடைய .30-06இல் கூடக் குறி கெட்டுப்போய், அதைச் சரிசெய்ய .22இல் பல வாரம் பயிற்சி செய்யவேண்டியிருந்தது.

லேசானதை விற்க மனமில்லாமல் முதலில் குழல் முனையில் பிரேக் ஒன்று மாட்டினேன், கூலியோடு நானூற்றைம்பது டாலர். வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளைகள் கொண்ட குழாய் அது. உதைப்பு நிஜமாகவே குறைந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சத்தம் பக்கத்தில் நிற்பவரின் காதைத்தான் அறையும். ரேஞ்சில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். எருமை வேட்டை வழிகாட்டிக்கு போன் செய்தபோது முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார், பிரேக் உள்ள துப்பாக்கியோடு வந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் என் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று. காட்டில் வழிகாட்டி உங்கள் தோளருகே, காதில் எதுவும் மாட்டாமல், எருமையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் காதைச் செவிடாக்கி நாம் தோளைக் காப்பாற்றிக்கொள்வது நியாயமில்லை. பிரேக் மாட்டும் எண்ணம் இருப்பவர்கள் யாரோடு வேட்டைக்குப் போகிறீர்களோ அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

சரி, லேசு ஆகாது, கனமானதற்கு மாறுவோம் என்று ரேஞ்சில் ஒருவர் சொன்ன யோசனைப்படி அதே .416இல் பழைய துப்பாக்கி ஒன்றை மூவாயிரத்து அறுநூறுக்கு வாங்கினேன். வால்நட் மரக் கட்டை, தூண் மாதிரிக் குழல், எல்லாம் சேர்த்து ஐந்தரைக் கிலோ. கணக்குப்படி உதைப்பு 65 ஜூலுக்கு இறங்கியது. அடி என்பது போய்த் தள்ளு என்கிற மாதிரி ஆனது. துப்பாக்கி பின்னே வரும் வேகமும் குறைவதுதான் காரணம்: லேசானது விநாடிக்கு ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது, இது ஐந்து மீட்டருக்குக் கீழே. தோளுக்கு வலிப்பது ஆற்றலைவிட அந்த வேகம்தான் என்பது என் அபிப்பிராயம். குறி திரும்பியது, நம்பிக்கையும் வந்தது. மெல்போர்ன் ரேஞ்சில், நிழலில், பெஞ்சில் வைத்துச் சுடும்போது ஐந்தரைக் கிலோ ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை டார்வினிலிருந்து கிழக்கே போன பிறகு ஆரம்பித்தது. வறண்ட பருவம், அப்படியும் மதியம் முப்பத்துநாலு டிகிரி. ஆளுயரப் புல், அதைத் தாண்டினால் எருமை மிதித்துக் காய்ந்த சேறு. அந்தக் குளம்புக் குழிகளில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும். முதுகில் மூன்று லிட்டர் தண்ணீர். குட்டைகளில் முதலை உண்டு, எனவே தண்ணீரைச் சுற்றிச் சுற்றித்தான் நடக்கவேண்டும். முதல் நாள் காலை பத்து மணிக்கே துப்பாக்கி வலக்கையிலிருந்து இடக்கைக்கும், இடக்கையிலிருந்து தோளுக்கும் இடம் மாறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தோள் வாரில்தான் தொங்கியது. வழிகாட்டி திரும்பிப் பார்த்து, "கையில் பிடி, கையில் பிடி" என்று சைகை காட்டுவார். கொஞ்ச தூரம் பிடிப்பேன், மறுபடி தோளுக்குப் போய்விடும்.

இரண்டாம் நாள் தாழை மாதிரி இருக்கும் பாண்டனஸ் புதரின் நிழலிலிருந்து ஒரு கிழட்டுக் கடா எழுந்து நின்றது. நாற்பது மீட்டர் இருக்கும். வழிகாட்டி முக்காலிக் குச்சியை விரித்து வைத்தார். நான் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றி, வாரைத் தலைக்கு மேல் எடுத்து, குச்சியில் வைக்கிறேன், முன்கை இரண்டும் நடுங்குகின்றன. ஸ்கோப்பில் எருமையின் தோள் தெரிகிறது, கழுத்து தெரிகிறது, புதர் தெரிகிறது, மறுபடி தோள் தெரிகிறது. குறுக்குக்கோடு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான் விசையைத் தொடவில்லை. கடா எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பயணத்துக்கு மட்டும் ஏழாயிரம் டாலர் கட்டியிருந்தேன். அழுகை வரவில்லையே தவிர மற்ற எல்லாம் வந்தது.

அன்று இரவு முகாமில் அவர் என் துப்பாக்கியைக் கையில் வாங்கி, தோட்டா வைக்கும் இடத்துக்குச் சற்று முன்னே ஒரு விரலால் தாங்கிப் பார்த்தார். குழல் பக்கம் மளமளவென்று சாய்ந்தது. "எடை அதிகம் என்பது பாதிதான், எடை தப்பான இடத்தில் இருக்கிறது" என்றார். தடித்த குழல் என்றால் கனமெல்லாம் முன்கைக்கு வரும். ஒரே ஐந்து கிலோ இரண்டு கைக்கும் நடுவில் உட்கார்ந்தால் நாலரை மாதிரித் தெரியும், முனையில் உட்கார்ந்தால் ஆறு மாதிரித் தெரியும். அதை நான் எந்தக் கடை அட்டவணையிலும் பார்த்ததில்லை, அதில் அச்சிட இடமுமில்லை. பிறகு அவர் தன்னுடைய வண்டியில் வைத்திருந்த பழைய .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்கோப்போடு தோட்டாவோடு நாலு கிலோ எண்ணூறு. மாலை வெளிச்சத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் சுட்டுப் பார்த்தேன், மறுநாள் அதைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த நாள் முழுக்கத் துப்பாக்கி கையிலேயே இருந்தது. மாலையில் வேறொரு கடா கிடைத்தது, முதல் தோட்டா தோளுக்குப் பின்னே சரியான இடத்தில், வழிகாட்டி சொன்னபடி உடனே இன்னொன்று.

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்கு போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. .375இன் குண்டு 300 கிரெய்ன், விநாடிக்கு 770 மீட்டர். 4.8 கிலோ துப்பாக்கியில் உதைப்பு சுமார் 45 ஜூல். அதாவது .416இல் ஒரு கிலோ முந்நூறு கிராம் கூடுதலாகச் சுமந்து நான் மிச்சம்பிடித்தது 20 ஜூல். காலிபரை ஒரு படி இறக்கியிருந்தால் அந்த 20க்கு மேல் இன்னொரு 20 மிச்சம், சுமையும் குறைவு. எருமைக்கு .375 போதாதா என்றால், குண்டு கிளம்பும்போது அதன் ஆற்றல் 5,700 ஜூலுக்கு மேல். நமீபியாவில் ஆப்பிரிக்க எருமை, யானை போன்றவற்றுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 5,400தான். .416 ரிக்பி 1911இல் வந்தது, .375 அதற்கு மறுவருடம். நூறு வருடத்துக்கு மேலாக இரண்டும் போட்டி போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருக்கிறது. யானைக்கு எதிரில் நிற்கிற தொழில்முறை ஆளுக்குப் பெரிசு வேண்டும். வருடத்தில் ஒருமுறை போகிற எனக்கு, கண் மூடாமல் சுட முடிகிறதுதான் பெரிசு.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் எழுதியிருக்கும் எடை வெறும் துப்பாக்கியின் எடை. அதோடு ஸ்கோப் அரைக் கிலோ, அதைப் பிடிக்கும் வளையங்கள் நூறு நூற்றைம்பது, வார் ஒரு நூற்றைம்பது, உள்ளே நாலு தோட்டா இருநூறு கிராம் என்று சேர்த்தால் ஒரு கிலோ கூடிவிடும். .375 என்றால் எல்லாம் சேர்ந்து நாலரையிலிருந்து ஐந்துக்குள், .416 அல்லது .458 என்றால் ஐந்தை ஒட்டி என்பது நான் கண்ட அளவு. அதற்கு மேலே போனால் தூக்க முடியாது, மிகவும் கீழே போனால் சுட முடியாது. வாங்குமுன் காலியா என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத் தோளில் ஒரு நிமிடம் குறிபார்த்து நில்லுங்கள். முப்பது விநாடியில் முனை ஆட ஆரம்பித்தால் அது காட்டில் வாருக்குத்தான் போகும். கடையில் ஐந்து நிமிடத் தூக்கலை நம்பவே வேண்டாம். முடிந்தால் அதே எடைக்கு ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்து, தோளில் மாட்டாமல், வெயிலில் பத்துக் கிலோமீட்டர் நடந்து பாருங்கள்.

எடையைக் கூட்டாமலே உதைப்பைத் தாங்கச் சில வழிகள் இருக்கின்றன, அதில் எனக்கு மிகவும் உதவியது கட்டையின் நீளம். பெரும்பாலான துப்பாக்கிகளின் கட்டை ஆறடி ஆளுக்கு அளந்தது. ஐந்தரை அடி ஆளான எனக்குச் சட்டையில் மாட்டும், மாட்டுகிறதே என்று தோளைத் திருப்பி வைத்தால் எலும்பில் அடிக்கும். அரை அங்குலம் வெட்டி நல்ல ரப்பர் திண்டு வைத்த பிறகு வித்தியாசம் பெரிசு. ஆனால் வெட்டும்போது கண் ஸ்கோப்புக்கு நெருங்கும், ஆகவே ஸ்கோப்பையும் முன்னே தள்ளி, கண்ணுக்கு நாலு அங்குலம் இடைவெளி தருகிற ஸ்கோப்பாகப் பாருங்கள், என் புருவத்தைக் கேட்டால் அதுதான் சொல்லும். பெஞ்சில் உட்கார்ந்து சுடுவதைக் குறியைச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை நின்று, குச்சியில் வைத்துச் சுடுங்கள். நின்றால் உடம்பு பின்னே போய் உதைப்பை வாங்கிக்கொள்ளும். துப்பாக்கியை அசையாமல் பூட்டிப்போடும் தாங்கியில் வைத்துப் பெரிய காலிபரைச் சுடாதீர்கள். போக இடமில்லாத விசை கட்டையைப் பிளக்கும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கே உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் கைமாற்ற முடியும், அவர் கமிஷன் தனி. லேசானதில் தொள்ளாயிரம், கனமானதில் எழுநூறு, பிரேக் நானூற்றைம்பது, ஒரு தோட்டா பத்து டாலர் வீதம் தோளை நோகடித்துக்கொண்ட செலவு ஆயிரத்தைந்நூறு. எருமைப் பயணத்தை விட்டுவிட்டாலே மூவாயிரத்தைந்நூறைத் தாண்டுகிறது. அந்தக் காசுக்கு நல்ல .375 ஒன்று புதிதாகவே வந்திருக்கும். இப்போது வைத்திருக்கும் .375 பழசுதான், வெறும் துப்பாக்கி 3.9 கிலோ, எல்லாம் சேர்த்து 4.8. முனைப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்கிறது. அதற்காகப் பின்பக்கம் கனம் கூட்டக் கட்டைக்குள் வைக்கிற பாதரசக் குழாய் ஒன்றை வாங்கலாமா என்று பார்த்தேன், முந்நூறு கிராமுக்கு நூற்றுச் சொச்சம் டாலர் கேட்கிறார்கள். அண்ணையோ, "உதுக்கு ஏன் காசைக் கொட்டுறீர், ஈயக் குண்டைத் துணியில கட்டி உள்ள வையும்" என்கிறார். முதலில் அதைத்தான் செய்து பார்க்கப்போகிறேன்.